ஒட்டும் உண்டு, உறவும் உண்டு

போன இதழில் குடல் பயாப்ஸி பற்றி எழுதும்போது போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். சிறுகுடலின் உள்சுவரில், மேல்வரிசைச் செல்களுக்கு நடுவே கரும்புள்ளி மாதிரி வெள்ளையணுக்கள் உட்கார்ந்திருக்கும், நூறு செல்லுக்கு எத்தனை என்று எண்ணுவது எங்கள் வேலை என்று. நோய்க்குறியியல் மேஜையில் முப்பது வருஷம் அவற்றை எண்ணியவளுக்கு அது சாதாரண வரி. வாசகர்களுக்கு அப்படி இல்லை போலிருக்கிறது, கட்டுக்கட்டாகக் கடிதங்கள். சரி, மற்ற கேள்விகள் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும். இந்த மாதம் முழுக்க அந்தக் கரும்புள்ளிகள்தான்.

கேள்வி: வெள்ளையணு ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பதுதானே முறை? அது ஏன் குடல் சுவரில் போய் உட்கார வேண்டும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: ஐயா, லிம்போசைட் என்ற வகை வெள்ளையணுவுக்கு ரத்தம் வெறும் வழித்தடம். உடம்பில் உள்ள மொத்த லிம்போசைட்டுகளில் எந்த நேரத்திலும் ரத்தத்தில் இருப்பது நூற்றுக்கு இரண்டு அளவுதான். மிச்சமெல்லாம் நிணநீர் முடிச்சு, மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, குடல் என்று ஆங்காங்கே தங்கியிருக்கின்றன.

இதைக் காட்டிக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்த்த ஜேம்ஸ் கோவன்ஸ். எலிகளின் நெஞ்சுக்குள் ஓடும் நிணநீர்க் குழாயிலிருந்து லிம்போசைட்டுகளை வடித்தெடுத்து, கதிரியக்க அடையாளம் போட்டு, மறுபடி ரத்தத்தில் ஏற்றிவிட்டுப் பார்த்தார். 1964இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றைக்கும் படிக்கச் சுவையானது. சின்ன லிம்போசைட்டுகள் நிணநீர் முடிச்சுகளுக்குப் போயின. அப்போதுதான் தூண்டப்பட்டுப் பெருகிக்கொண்டிருந்த பெரிய லிம்போசைட்டுகளில் ஏராளமானவை குடல் சுவரில் போய் இறங்கின. ரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் போகிறது. அப்படியிருக்க, இவை குடலைப் பார்த்து இறங்கியது எப்படி?

இறங்கும் இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ரத்த ஓட்டத்தில் அடித்துக்கொண்டு வரும் செல், நாளத்தின் உள்சுவரில் உரசுகிறது. உரசிய இடத்தில் லேசான பிடிப்பு இருந்தால் பந்து மாதிரி உருள ஆரம்பிக்கிறது. உருண்டுகொண்டே சுவரில் உள்ள ரசாயன சமிக்ஞைகளைத் தொட்டுப் பார்க்கிறது. சரியான சமிக்ஞை கிடைத்துவிட்டால், அதன் மேற்பரப்பில் மடங்கிக் கிடக்கும் இன்டெக்ரின் என்ற மூலக்கூறுகள் நிமிர்ந்து சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. செல் நிற்கிறது, தட்டையாகிறது, இரண்டு சுவர்ச் செல்களின் இடுக்கில் காலை நுழைத்து வெளியே போய்விடுகிறது. இந்தப் பிடிமானங்கள்தான் ஒட்டு மூலக்கூறுகள்.

பல உறுப்புகளில் உருட்டும் வேலையைச் செலக்டின் என்ற இன்னொரு வகை ஒட்டு மூலக்கூறுகளும் நிறுத்தும் வேலையை இன்டெக்ரின்களும் பிரித்துக்கொள்கின்றன. குடலில் ஒரே ஜோடி இரண்டையும் பார்த்துக்கொள்ளும். நாளச் சுவரில் இருப்பது மேட்கேம்-1, லிம்போசைட்டில் இருப்பது ஆல்ஃபா4-பீட்டா7 இன்டெக்ரின். இவை ஜோடி என்று 1993இல் உறுதியானது. 1996இல் பீட்டா7 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றின் குடலில் எதிர்ப்புத் திசு சரியாக உருவாகவே இல்லை, லிம்போசைட்டுகளும் மிகவும் குறைவு.

கேள்வி: அந்த ஆல்ஃபா4-பீட்டா7ஐ லிம்போசைட்டுக்கு யார் மாட்டிவிடுகிறார்கள்? பிறக்கும்போதே குடலுக்கு என்று எழுதி வைத்திருக்குமா?

பதில்: எழுதி வைப்பதில்லை, குடலே எழுதுகிறது. குடல் சுவரிலும் அதை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளிலும் டென்ட்ரிடிக் செல்கள் என்று கிளை கிளையாகக் கை நீட்டியிருக்கும் செல்கள் உண்டு. கிருமித் துணுக்குகளை எடுத்து லிம்போசைட்டுகளுக்குக் காட்டுவது இவற்றின் தொழில். குடலைச் சேர்ந்த டென்ட்ரிடிக் செல்களால் வைட்டமின் ஏ-யை ரெட்டினாயிக் அமிலமாக மாற்ற முடியும். துணுக்கைக் காட்டும்போதே அந்த அமிலத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. அது பட்ட டி செல் (லிம்போசைட்டில் ஒரு வகை), ஆல்ஃபா4-பீட்டா7ஐயும் சிசிஆர்9 என்ற ஏற்பியையும் மேற்பரப்பில் ஏற்றிக்கொள்கிறது. சிறுகுடல் சுரக்கும் சிசிஎல்25 என்ற சமிக்ஞையை அடையாளம் கண்டு அதன் பின்னால் போவது அந்த ஏற்பியின் வேலை. 2004இல் ஜப்பானியரான மகோட்டோ இவாட்டாவும் அவருடைய கூட்டாளிகளும் இதைக் கண்டுபிடித்தார்கள். வைட்டமின் ஏ பற்றாக்குறை உள்ள எலிகளின் குடலில் டி செல்கள் குறைந்துபோவதையும் காட்டினார்கள்.

கேள்வி: அப்படியானால் வைட்டமின் ஏ மாத்திரை போட்டால் குடலில் எதிர்ப்பு சக்தி கூடுமா டாக்டரம்மா?

பதில்: கூடாது. பற்றாக்குறை இருப்பவருக்கு மருத்துவர் கொடுப்பது வேறு விஷயம். தானாக வாங்கி அளவுக்கு மேல் போட்டால் கல்லீரலில் சேர்ந்துகொண்டே போகும். கர்ப்பிணிகளின் சிசுவுக்கு ஆபத்து.

கேள்வி: என் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘நூறு எபிதீலியல் செல்லுக்கு 32 லிம்போசைட், அதிகம்’ என்று போட்டிருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கும் முன்னால் என் அக்காவுக்கு 35 இருந்தும் ‘இயல்பு’ என்றார்களே?

பதில்: எபிதீலியல் செல் என்பது நான் சொல்லும் மேல்வரிசைச் செல்தான். இரண்டு பேரும் தப்பு செய்யவில்லை என்றே நினைக்கிறேன். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் நூற்றுக்கு 40 வரை இயல்பு என்று எடுத்துக்கொள்வோம். பிறகு வந்த ஆய்வுகளால் அந்தக் கோடு 25க்கு இறங்கியது. பழைய பழக்கத்தில் 40ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி.

எண்ணும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். குடலுறிஞ்சி விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் செங்குத்தாக வெட்டினால் மேல்வரிசைச் செல்கள் ஒற்றை வரிசையாக, வேலி போல அழகாகத் தெரியும். பயாப்ஸித் துண்டு மெழுகில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் வெட்டும் சாய்வாக விழும். ஒற்றை வரிசை நாலைந்து வரிசை போலத் தெரியும், புள்ளிகளும் குவிந்தது போல இருக்கும். பயிற்சிக் காலத்தில் அப்படி ஒரு ஸ்லைடைப் பார்த்து ‘மிக அதிகம்’ என்று எழுதிக்கொண்டு போய் நின்றேன். மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. அதே மெழுகுக் கட்டியைத் திருப்பி வைத்து மறுபடி வெட்டிக் கொடுக்கச் சொன்னார். எண்ணினேன்: 18.

உங்கள் 32க்குக் கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் ஒரு காரணமாக இருக்கலாம். வயிற்றுக் கிருமி, சில வலி மாத்திரைகள் என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: ஒட்டு மூலக்கூறு என்றால் பசை. செல் ஓரிடத்தில் நிற்கப் பசை வேண்டும், அது புரிகிறது. ஆனால் எதிர்ப்பு செல்லின் வளர்ச்சியையே அது மாற்றும் என்று வகுப்பில் சொன்னார்கள். பசை எப்படி ஒன்றை வேறொன்றாக ஆக்கும்? பேராசிரியரிடம் கேட்டதற்கு ‘பாடத்தில் அவ்வளவுதான்’ என்றுவிட்டார். (முதுநிலை மாணவி)

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான் அம்மா. பசை என்ற சொல்லே நம்மைத் தவறான திசைக்குத் தள்ளிவிடுகிறது. பசைக்கு உள்பக்கம் கிடையாது. ஒட்டு மூலக்கூறில் பெரும்பாலானவை செல்லின் சவ்வை ஊடுருவி நிற்பவை. வெளியே நீட்டியிருப்பது பிடித்துக்கொள்ளும் கை. உள்ளே தொங்குவது ஒரு வால். வெளியே பிடி விழுந்ததும் உள்ளே அந்த வாலைச் சுற்றி வேலை தொடங்கிவிடுகிறது.

குடலில் இதற்கு நேரான உதாரணம் இருக்கிறது. டி செல்கள் தைமஸ் சுரப்பியில் வளரும்போது அவற்றுக்கு ஒரு பிரிவழி வரும். சிடி4 என்ற அடையாளத்தை வைத்துக்கொண்டால் உதவி செல். சிடி8 என்றால் கொல்லும் செல். ஒரு பக்கம் திரும்பிவிட்டால் பிறகு மாறாது என்றுதான் நாங்கள் படித்தோம், பரீட்சையும் எழுதினோம். தெபாக் என்ற மரபணு இயக்கி சிடி4 பக்கத்தைக் காக்கும், ரன்க்ஸ்3 சிடி8 பக்கத்தைக் காக்கும், ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது தலைகாட்டாது.

குடல் எபிதீலியத்துக்குள் இந்தச் சட்டம் தளர்ந்துவிடுகிறது. சிடி4 ஆகத் தேறி வெளியே வந்த செல், குடலுக்குப் போய் மேல்வரிசைச் செல்களுக்கு நடுவே குடியேறிய பிறகு, சிடி4ஐ வைத்துக்கொண்டே சிடி8-இன் ஒரு வடிவத்தையும் போட்டுக்கொள்கிறது. கொல்லும் செல்லுக்கு உரிய குணங்களும் கூடவே வந்துவிடுகின்றன. உள்ளே தெபாக் அடங்கி ரன்க்ஸ்3 எழும்பியிருக்கிறது. இதை 2013இல் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வெளிக்கொண்டு வந்தன.

இப்போது ஒட்டுதலுக்கு வருகிறேன். செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்க்கோ கொலோனா குழு 2014இல் ஒரு ஒட்டு மூலக்கூறை ஆராய்ந்தது. பெயர் சி.ஆர்.டாம். சும்மா இருக்கும் டி செல்லில் இது இருக்காது. தூண்டப்பட்டால்தான் மேற்பரப்புக்கு வரும், அதுவும் எல்லா டி செல்லிலும் வராது. இதன் ஜோடி கேடம்-1. குடலில் அது இருப்பது, சிடி103 என்ற அடையாளம் கொண்ட டென்ட்ரிடிக் செல்களின் மேல். சி.ஆர்.டாம் இல்லாத எலியில் சிடி4-சிடி8 இரட்டை அடையாளச் செல்களைக் காணோம். கேடம்-1 இல்லாத எலியிலும் காணோம். கையை எடுத்தாலும் சரி, அந்தக் கை பிடிக்கும் கையை எடுத்தாலும் சரி, விளைவு ஒன்றே. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை வாய்வழியாகக் கொடுத்தபோது, சி.ஆர்.டாம் இல்லாத எலிகளின் குடலில் டிஎச்17 என்ற உதவி செல் வகையும் வெகுவாகக் குறைந்திருந்தது.

இங்கேதான் நீ உன் பேராசிரியரை மடக்கியிருக்க வேண்டும். செல் காணாமல் போனதற்கு இரண்டு அர்த்தம் சொல்லலாம். பிடி இல்லாததால் அது குடலில் தங்க முடியாமல் போய்விட்டது என்பது ஒன்று. தங்கியிருந்தாலும் மாறியிருக்காது, மாற்றியதே அந்தப் பிடிதான் என்பது இன்னொன்று. முதல் அர்த்தத்தில் ஒட்டுதல் இடம் பிடித்துத் தருகிறது. இரண்டாவதில் ஆளையே மாற்றுகிறது. 2014 கட்டுரை அழுத்தம் கொடுத்தது தங்குவதற்குத்தான்.

2016இல் ஜப்பானில் தகாஷி சைட்டோ குழு இரண்டாவது பக்கத்தைத் திறந்து காட்டியது. சி.ஆர்.டாமைச் சிடி4 செல்களில் வலுக்கட்டாயமாக ஏற்றினார்கள். அந்தச் செல்கள் கொல்லும் செல்லுக்குரிய மரபணுக்களை இயக்க ஆரம்பித்தன. மூலக்கூறின் உள்வாலிலிருந்து போகும் சேதி வழியாகத்தான் இது நடந்தது. நான் மேலே சொன்ன வால் இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது.

என்னைக் கேட்டால் இரண்டு அர்த்தமும் உண்மை, குடலில் அவற்றைப் பிரிக்கவும் முடியாது. தங்கினால்தான் அந்த இடத்தின் காற்று மேலே படும். 2017இல் அதே கொலோனா குழு ஒரு வேடிக்கையைக் கண்டது. ஒரே இன எலிகள்தான், ஆனால் வேறு வேறு கூடத்தில் வளர்ந்தவை. சிலவற்றில் இந்த இரட்டை அடையாளச் செல்கள் இருந்தன, சிலவற்றில் இல்லை. தேடிப் போனால் காரணம் லாக்டோபேசிலஸ் ரியூட்டரி என்ற பாக்டீரியா. உணவில் உள்ள டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை இந்தப் பாக்டீரியா இண்டோல் சேர்மங்களாக மாற்றுகிறது. அவை சிடி4 செல்லில் தெபாக்கை அடக்குகின்றன. பாக்டீரியா மட்டும் இருந்து டிரிப்டோஃபேன் போதாமல் போனாலும் பலன் குறைவு. குடலில் நிலைத்து நின்ற செல்லுக்குத்தான் இந்தச் சேர்மங்களிடம் சிக்கும் நேரம் கிடைக்கிறது.

தங்குவதும் ஆவதும் பின்னிக் கிடப்பதற்கு இன்னொரு உதாரணம் இன்னும் ஆதியில், கருவில் நடக்கிறது. சிறுகுடலில் பேயர் திட்டுகள் என்று லிம்போசைட் கூட்டங்கள் உண்டு. சுவிட்சர்லாந்துக்காரரான யோஹன் கொன்ராட் பேயர் 1677இல் விவரித்தவை. கரு வளரும்போது ஆல்ஃபா4-பீட்டா7ஐச் சுமந்துகொண்டு முன்னோடிச் செல்கள் சில குடல் சுவருக்கு வருகின்றன. இவை லிம்போடாக்சின் என்ற புரதத்தால் அங்குள்ள தாங்கு செல்களைத் தட்டுகின்றன. தட்டு வாங்கிய தாங்கு செல் விகேம்-1, ஐகேம்-1 போன்ற ஒட்டு மூலக்கூறுகளை வெளியே நீட்டுகிறது. ஆளைக் கூப்பிடும் சமிக்ஞைகளையும் சுரக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் பல முன்னோடிகள் வந்து சேர்கின்றன. அவையும் தட்டுகின்றன. இப்படி ஒட்டி ஒட்டியே ஓர் உறுப்பு எழுகிறது. லிம்போடாக்சின் ஆல்ஃபா இல்லாத எலிகளை 1994இல் உருவாக்கியபோது பேயர் திட்டே இல்லை. நிணநீர் முடிச்சுகளும் இல்லை.

காமா-டெல்டா என்ற இன்னொரு வகை டி செல்களைப் பற்றியும் கடிதத்தில் கேட்டிருக்கிறாய். அவற்றின் வளர்ச்சியில் கைவைப்பது பியூட்டிரோஃபிலின் குடும்பத்து மூலக்கூறுகள், அதுவும் எபிதீலியத்திலிருந்தே. அது தனிக் கதை, இன்னொரு மாதம்.

கேள்வி: குடலின் மேல்வரிசைச் செல்கள் நாலைந்து நாளில் உதிர்ந்துவிடும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நடுவில் இருக்கும் லிம்போசைட்டும் சேர்ந்து விழுந்துவிடாதா?

பதில்: சபாஷ். முப்பது வருஷம் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. ஸ்லைடில் எல்லாம் செத்து, உறைந்து, சாயம் ஏறிக் கிடப்பதால் அசைவு என்ற நினைப்பே வருவதில்லை.

விழுவதில்லை. உயிருள்ள எலிக் குடலில் ஒளிரும் அடையாளம் போட்டுப் படம் பிடித்தவர்கள் பார்த்தது இது: குறிப்பாகக் காமா-டெல்டா வகை லிம்போசைட்டுகள் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. மேல்வரிசைச் செல்களின் இடுக்குகளில் நெளிந்து நெளிந்து ஊர்கின்றன, கீழே அடித்தளச் சவ்வு வரை இறங்கி மறுபடி மேலே வருகின்றன. மேல்வரிசைச் செல்கள் தங்களுக்குள் ஒட்டப் பயன்படுத்தும் ஆக்லூடின் என்ற மூலக்கூறையே இவையும் தங்கள் மேல் வைத்திருக்கின்றன. அது இல்லாவிட்டால் உள்ளே நுழைவது தடுமாறுகிறது. இவற்றைச் சுற்றியுள்ள வரிசை, நகரும் படிக்கட்டு மாதிரி உச்சியை நோக்கிப் போய் உதிர்ந்துகொண்டே இருக்க, இவை அதில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன.

கெட்டியாகப் பிடிக்க வேண்டிய நேரத்துக்குச் சிடி103 இருக்கிறது. முழுப் பெயர் ஆல்ஃபாஈ-பீட்டா7 இன்டெக்ரின். இது பிடித்துக்கொள்வது மேல்வரிசைச் செல்லின் ஈ-கெடெரினை, 1994இல் தெரியவந்தது. குடலுக்குள் வந்து சேர்ந்த பிறகு டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞை பட்டுத்தான் சிடி103 முளைக்கிறது. வந்து சேர ஒரு பிடி, தங்க வேறொரு பிடி.

கெடெரின் என்றதும் ஒரு கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜப்பானைச் சேர்ந்த மசாத்தோஷி தக்கேச்சி 1970களில் பால்டிமோரில் கார்னகி நிறுவனத்தின் கருவியல் ஆய்வகத்துக்குப் போனார். கியோட்டோவில் அவர் வழக்கமாக டிரிப்சின் என்ற நொதியால் செல்களைப் பிரிப்பார். பிரித்த செல்கள் சீக்கிரமே மறுபடி ஒட்டிக்கொள்ளும். பால்டிமோரில் அதே வேலையைச் செய்தார், செல்கள் ஒட்டவே இல்லை. கடைசியில் பார்த்தால் வித்தியாசம் கரைசலில். பால்டிமோர் டிரிப்சினில் ஈடிடிஏ கலந்திருந்தது; அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் இருந்தால் ஒரு குறிப்பிட்ட ஒட்டு மூலக்கூறு டிரிப்சினுக்குத் தப்பிவிடுகிறது, இல்லாவிட்டால் வெட்டுப்படுகிறது. அந்த மூலக்கூறுதான் பின்னால் கெடெரின் என்று பெயர் வாங்கியது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் குடல் லிம்போசைட்டுகளைப் பிரித்தெடுப்பதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். எலிக் குடலைத் துண்டு போட்டு, ஈடிடிஏ கலந்த திரவத்தில் 37 டிகிரி சூட்டில் குலுக்க வேண்டும். முதல் சில நிமிஷம் ஒன்றும் நடக்காது. பிறகு தெளிவாக இருந்த திரவம் மெல்லக் கலங்கும். மேல்வரிசை தோல் தோலாக உரிந்து, அதற்குள் ஒளிந்திருந்த புள்ளிகளும் கூடவே வெளியே வந்துவிடும். புதிதாக வரும் பிள்ளைகள் ‘கெட்டுப்போச்சு மேடம்’ என்று குழாயைக் கொட்டப் போவார்கள். இரண்டு முறை கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறேன். மூன்றாவது முறை நான் அறையில் இல்லை.

கேள்வி: உடம்பின் எதிர்ப்பு சக்தியில் எழுபது சதவீதம் குடலில் இருக்கிறதாமே?

பதில்: இந்த எழுபதை எல்லாரும் சொல்கிறார்கள். எதை எண்ணினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். எதிர்ப்பு செல்களில் பெரும்பங்கு குடலைச் சுற்றி இருப்பது உண்மை. உறுதியாகச் சொல்ல எனக்கு அவ்வளவு போதும். எதிர்ப்பு சக்தியை லிட்டர் கணக்கில் அளக்கும் கருவியை நான் பார்த்ததில்லை.

கேள்வி: இந்த ஒட்டு மூலக்கூறுகள் இல்லாமலே யாராவது பிறப்பார்களா?

பதில்: பிறக்கிறார்கள், மிக அபூர்வமாக. ஏறக்குறைய பத்து லட்சம் பிறப்பில் ஒன்று என்பார்கள். வெள்ளையணு ஒட்டுக் குறைபாடு, முதல் வகை. பல இன்டெக்ரின்களுக்குப் பொதுவான சிடி18 என்ற பாகம் பழுதாகியிருக்கும். முதல் தடயம் பெரும்பாலும் தொப்புள்கொடி. ஒன்றிரண்டு வாரத்தில் விழ வேண்டியது, மூன்று நாலு வாரம் தாண்டியும் விழாது. ஏனென்றால் அதை அறுத்துவிடுவதில் வெள்ளையணுக்களுக்கும் பங்கு உண்டு. அப்புறம் திரும்பத் திரும்பப் புண். ஆனால் சீழ் வைக்காது.

அப்படிப்பட்ட ஒரு குழந்தையின் புண்ணிலிருந்து எடுத்த ஸ்லைடு ஒருமுறை என் மேஜைக்கு வந்தது. திசு அழுகியிருந்தது, கிருமிகள் கூட்டமாகத் தெரிந்தன. நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளையணுக்களால் நிரம்பியிருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. லென்ஸை மாற்றி ரத்தநாளத்தைப் பார்த்தேன். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ரத்தப் பரிசோதனைத் தாளில் வெள்ளையணு எண்ணிக்கை இயல்பைப் போலப் பல மடங்கு. இருந்தும் ஒன்றாலும் சுவரைத் தாண்டி இறங்க முடியவில்லை. தெருவில் தீயணைப்பு வண்டிகள் வரிசையாக நிற்க, வீடு எரிந்துகொண்டிருக்கிற மாதிரி. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று அந்தக் குழந்தைக்கு உதவியது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இந்த நோயாளிகளுக்கு ஈறு கரைந்து பல் விழுவதும் உண்டு. கிருமியைத் தடுக்க ஆளில்லாததால் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். 2014இல் வேறு விஷயம் தெரிந்தது. நியூட்ரோஃபில் ஈறுக்குள் வந்து சேர்ந்தால்தான் ‘போதும்’ என்ற சேதி போகும். வராததால் இன்டர்லூக்கின்-17 என்ற அழற்சிச் சமிக்ஞை அடங்காமல் கொதித்து எலும்பைக் கரைக்கிறது.

கேள்வி: தம்பிக்குப் பெருங்குடல் புண் நோய். வெடோலிசுமாப் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றலாம் என்கிறார் மருத்துவர். வெள்ளையணுக்கள் ஒட்டுவதைத் தடுக்குமாம். அப்படித் தடுத்தால் நீங்கள் சொன்ன அந்தக் குழந்தை மாதிரி ஆகிவிடாதா? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவது நியாயம்தான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அந்தக் குழந்தைக்குப் பழுதான சிடி18, உடம்பு முழுக்கத் தேவைப்படும் பாகம். வெடோலிசுமாப் மூடுவது ஆல்ஃபா4-பீட்டா7 ஒன்றை மட்டும். முதல் பதிலில் சொன்னேனே, குடலின் மேட்கேம்-1ஐப் பிடிப்பது, அதை. புண்ணுக்குப் போகும் நியூட்ரோஃபில்களுக்கு அது தேவைப்படாது.

இந்தத் துல்லியத்துக்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. நடாலிசுமாப் என்ற முந்தைய மருந்து ஆல்ஃபா4 முழுவதையும் மூடும். ஆல்ஃபா4, பீட்டா7ஓடு சேர்ந்தால் குடலுக்கு வழி. பீட்டா1ஓடு சேர்ந்தால் மூளைக்கும் வழி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2005 பிப்ரவரியில் விற்பனையை நிறுத்தினார்கள். சிலருக்கு ஜேசி வைரஸ் மூளையைத் தாக்கும் பிஎம்எல் என்ற நோய் வந்ததுதான் காரணம். மூளைக்குள் காவலுக்குப் போக வேண்டிய லிம்போசைட்டுகளுக்கும் வழி அடைபட்டுவிட்டது. கடும் நிபந்தனைகளோடு 2006இல் அது திரும்பி வந்தது. வெடோலிசுமாப் 2014இல் வந்தபோது எல்லாரும் முதலில் கேட்டது, இதில் பிஎம்எல் உண்டா என்பதுதான். மூளை வழியை இது மூடுவதில்லை. நடாலிசுமாப் அளவுக்கு அந்த ஆபத்து இதில் காணப்படவில்லை.

தம்பியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: உடனே பலன் தெரியாது. முதல் நாள், இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஏற்றுவார்கள். மருந்து புதிதாக வருகிறவற்றைத்தான் தடுக்கும். ஏற்கெனவே குடலுக்குள் குடியிருப்பவை அடங்கச் சமயம் பிடிக்கும். மூன்று நாலு மாதம் பொறுத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான். காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசி இரண்டையும் ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாம் எலி, எலி என்றே சொல்கிறீர்கள். மனிதனுக்குப் பொருந்துமா?

பதில்: பாதி பொருந்தும். ஆல்ஃபா4-பீட்டா7 கதை பொருந்தும் என்பதற்கு மேலே உள்ள மருந்தே சாட்சி. காமா-டெல்டா செல்கள் எலிக் குடலின் எபிதீலியத்தில் நம்மைவிட மிக அதிக விகிதத்தில் இருக்கும்; சிடி4-சிடி8 இரட்டைச் செல்களின் அளவும் நமக்கும் எலிக்கும் ஒன்றில்லை. எலிக்கு நடந்ததை அப்படியே நமக்கு எழுதினால் உதைக்கும்.

கேள்வி: இப்போது அந்தப் புள்ளிகளைக் கணினியே எண்ணிவிடுகிறதாமே? உங்களுக்கு வருத்தமாக இல்லையா?

பதில்: வருத்தமா? கழுத்து வலி மிச்சம். போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது பெரிய பதவியில் இருக்கிறாள், திரையில் ஒரு ஸ்லைடைக் காட்டினாள். சிடி3 சாயத்தில் லிம்போசைட்டுகள் பழுப்பாகத் தெரிந்தன. மென்பொருள் நூற்றுக்கு 31 என்றது. அதே நூறு செல்லை நான் எண்ணினேன், 28. மூன்று செல்லுக்காக அரைமணி நேரம் வாதாடினோம். ஒன்று எபிதீலியத்துக்குக் கீழே இருந்தது, கணினி தவறாகச் சேர்த்துக்கொண்டது. இன்னொன்று செத்துக்கொண்டிருந்த மேல்வரிசைச் செல்லில் சாயம் படிந்தது. மூன்றாவது நல்ல லிம்போசைட்தான். குடலுறிஞ்சியின் நுனியில், உதிரப் போகும் செல்லுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. அது என் கண்ணில் படவே இல்லை.